எடை மேடையில் நின்ற கார்

யாரையும் நம்பாத ஒருவர் தம்மை மட்டும் எதை வைத்து நம்புகிறார்? மன்னார்குடியில் மெக்கானிக் ஷெட் நடத்தும் சித்தீக்கை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

ஷார்ஜாவில் பல வருடம் கார் பழுது பார்த்துத் திரும்பியவர். டீ வந்தால் பாலை முகர்ந்து பார்ப்பார். வண்டி வந்தால் தொடுவதற்கு முன்பே அளந்து வைத்துக்கொள்வார், பின்னால் யாரும் பழி சொல்லக் கூடாதென்று. ஷெட்டில் இருந்த ஒரே கேமரா, நெடுநாளாக அவரிடம் வேலை செய்யும் காத்தானின் மேசையைப் பார்த்தபடி இருந்தது. அதைச் சிலர் எச்சரிக்கை என்றார்கள். அவ்வளவு நல்ல பெயர் அதற்குத் தேவையில்லை.

கோடையில் ராஜராஜன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே இருக்கை, தரையைத் தடவும் வயிறு. குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் போயிருந்தன. சித்தீக் அளந்தபோது முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கு மேலும் உயரம் சமம். புது ஷாக் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது.

காத்தான் மாட்டி முடித்தார். ஜாக்கியை இறக்கி, ஸ்பிரிங் படியட்டுமென்று வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்கள். சித்தீக் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார். இடது முன்பக்கம் வலதைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம். மறுபடி அளந்தார். அதேதான்.

வண்டியை எடுக்க மனைவி ஈஸ்வரியோடு வந்திருந்த ராஜராஜன் கேட்டார்: “என்ன பாய், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது? நாலும் ஒரே செட்டுதானா?”

சித்தீக் காத்தானைத் திரும்பிப் பார்த்தார். “பெட்டியில வந்ததத்தான் மாட்டுனியா?”

“வேற எத மாட்டுவேன்? கேமராவப் போட்டுப் பாருங்க பாய்.”

“வண்டிக்கு அடியில கேமராவுக்குத் தெரியாது.”

“அப்ப என் நெத்தியில ஒண்ணு மாட்டிருக்கணும்.” காத்தான் கையைத் துடைத்தார். “திருட்டுப் பட்டத்தோட இங்க நிக்க மாட்டேன். நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்குங்க.”

சித்தீக் தடுக்கவில்லை. காத்தான் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

வண்டியைக் கழுவிய தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. புடவை நனையாமல் ஒதுங்கிய ஈஸ்வரி சொன்னார்: “ஏங்க, தண்ணி பூரா அந்தச் சக்கரத்துக்கிட்டயே போய் நிக்குது பாருங்க. நம்ம வயல்ல இப்படி நின்னா அங்க மண்ணு வெட்டிப் போடச் சொல்லுவீங்கள்ல?”

சித்தீக் ரசமட்டத்தைத் தேடி எடுத்து வந்து தரையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. அந்த ஷெட் வயலைத் தூர்த்துக் கட்டியது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அடிமண் இளகி, இடது முன்சக்கரம் நின்ற மூலை கட்டைவிரல் ஆழம் இறங்கியிருந்தது. சக்கரம் பள்ளத்துக்குள் தொங்கியதால் மேலே இடைவெளி கூடியது. எல்லாவற்றையும் அளந்தவர் தாம் நின்ற தரையை அளந்திருக்கவில்லை.

பக்கத்து அரிசி ஆலையின் எடை மேடைக்குக் காரை ஓட்டிப் போனார்கள். நெல் லாரிகள் ஏறும் அந்த மேடை மட்டமானது. அங்கே இரு பக்கமும் ஒரே அளவு.

“நல்லவேளை பாய்,” என்றார் ராஜராஜன். சித்தீக் டேப்பைச் சுருட்டினார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற காத்தானிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. “காலையில வந்துரு, தரையப் பேத்து மட்டம் பண்ணணும்,” என்று மட்டும் சொன்னார். காத்தான் போய்விட்டார்.

மறுநாள் காத்தான் வந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி நின்று சித்தீக் கேமராவின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அதைத் திருப்பித் தம் நாற்காலிக்கு நேராக வைத்து முறுக்கினார்.

“என்ன பாய் இது?”

“டீ சொல்லிட்டு வா.”

கேமரா இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஏன் என்று கேட்பவர்களுக்கும் அவர் டீதான் சொல்கிறார்.