இடது கைக் காப்பு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த வருஷத்தில்தான் நான் ஒரு திருடனுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டேன். திருடன் என்று அப்போது தெரியாது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று நினைத்திருந்தேன். இப்போது ‘அவர்’ போட வாய் வரவில்லை, அவன் என்றே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணனும் நானும் காஜா பேராங்கில், பல தலைமுறையாக மலாக்காவில் வாழும் செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணன் டவுனில் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். காலையில் வேலைக்குப் போகும் முன் செட்டிகளின் அம்மன் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றுவான். வெளியாள் என்றாலும் அவனை நம்பிச் சாவியையே கொடுத்திருந்தார்கள். அது எங்கள் சமையலறை ஆணியில் தொங்கும்.

நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செட்டிக்காரம்மாவை ‘பீபி’ என்று கூப்பிடுவேன். பீபிக்குத் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். எங்கள் மாரியம்மன் அவருக்கு ‘டத்தோ சாச்சார்’, அம்மை நோய்ச் சாமி. தமிழ் தெரியாத இவர்களுக்குச் சாமி கும்பிட என்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். எனக்கு அவ்வளவு மண்டைக்கனம்.

நான் சொன்ன அவன், மூவார் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்ததாகச் சொன்னான். செமாபோக்கில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவான். அவன் தேவாரம் பாடினால் பூசாரியே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் கவிழ்ந்ததே அந்தக் குரலில்தான். ரவிக்கைக்குக் கை வைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டுத்தான் காதில் ஓடும்.

திருவிழா வந்தது. காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைப் பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டால் பிறகு பொய் சொல்லக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணன் வருஷா வருஷம் கட்டிக்கொள்வான். மறுநாள் அண்ணன் வேலைக்குப் போயிருக்க, உச்சிப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு தேவாரம் பாடுகிற அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் காப்பு.

“விடிகாலையிலேயே வந்து கட்டிக்கிட்டேன். அம்மன் முன்னாடி உனக்கு வாக்குக் கொடுக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்,” என்றான். “நாளைக்குச் சாயந்திரம் வந்து உங்க அண்ணன்கிட்ட பேசறேன்.”

ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். சந்தோஷத்தில் அவனுக்கு முன்னால் நடந்தேன். உள்ளே போனதும், “அடடா, சூடம் இல்லையே,” என்றான். சூடம் எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்து ஏற்றிக் கொடுத்தேன். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். நான் அழுதுவிட்டேன். அந்த நேரம் அம்மன் கழுத்துத் தங்கத் தாலி அவன் சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறது. 

சாயந்திரம் மாலை மாற்றப் போன பூசாரி கத்தினார். பூட்டு உடையவில்லை. சாவி அண்ணனுடையது. போலீஸ் வந்து அண்ணனை அழைத்துக்கொண்டு போனது.

“சாவி நாள் பூரா வீட்லதான் இருந்துச்சா?” என்று என்னைக் கேட்டார்கள்.

“ஆமா,” என்றேன்.

உண்மையைச் சொன்னால் என் மானம் போகும் என்ற பயம் இருந்தது, மறுக்கவில்லை. அதைவிட, அவன் எடுத்திருக்கவே முடியாது என்று நம்பினேன். காப்புக் கட்டியவன், சூடம் அணைத்தவன், அவனா எடுப்பான்? பக்தியில் ஊறிப்போன எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. ஒருவேளை அண்ணனேதான் எடுத்தானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் சாயந்திரம் அவன் வரவில்லை. என்ன வேலையோ, எங்கே போய்விடப் போகிறான், எல்லையைத் தாண்ட முடியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் போய் இரண்டு நாளான பிறகு, நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்துப் பீபி கஞ்சி கொண்டுவந்தார். பேச்சோடு பேச்சாக, தேவாரம் பாடுகிறவனைத் திருட்டு நடந்த அன்று பஸ் நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார். பெட்டியோடு சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறினானாம்.

“டியா புன்யா காப்பு, பாசால் அப்பா தாங்கான் கிரி?” என்று கேட்டார்.

அவன் காப்பு ஏன் இடது கையில்?

ஆணுக்கு வலது கையில் கட்டுவதுதான் முறை. அது தமிழ் தெரியாத பீபிக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையில்தான் நான் சூடத்தைக் கொடுத்தேன், அப்போதும் என் கண்ணில் படவில்லை. மெஷினிலிருந்து நூலை உருவி என் வலது மணிக்கட்டில் நானே கட்டிப் பார்த்தேன். முடிச்சு விழவே இல்லை. இடது கையில் உடனே விழுந்தது. பூசாரி அவனுக்குக் கட்டவில்லை. அவனே கட்டிக்கொண்டிருக்கிறான்.

பீபி என் கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரியும் வந்து, தான் அவனுக்குக் காப்புக் கட்டவில்லை என்றார். சாயந்திரம் அண்ணனை விட்டார்கள். தாலி கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அண்ணன் கேட்டான்.

“அவன் ஏமாத்தினான், சரி. நீ ஏன் ரெண்டு நாள் வாயத் திறக்கல?”

“அவரு காப்புக் கட்டியிருந்தாரு, அண்ணே.”

அண்ணன் நின்றான். சட்டைக் கையை மேலே தள்ளி வலது மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஸ்டேஷனில் இருந்த இரண்டு நாள் வியர்வையில் மஞ்சள் கயிறு கறுத்துப்போயிருந்தது.

“நானுந்தானே கட்டியிருந்தேன்,” என்றான்.