ஜசிந்தா அக்காவின் வியாழக்கிழமை அலமாரி

ஜசிந்தா அக்கா இந்தக் கோடையைத் தாண்ட மாட்டார் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். அதற்கு என் மனைவி செல்வராணி சாட்சி. இங்கே பலேர்மோவின் கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதே, "அக்காவின்ரை நடையிலை ஏதோ பிழை இருக்கு" என்றேன். அவருக்குப் பிறகு நூலகத்தில் என்ன நடக்கும், யார் யார் பின்வாங்குவார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். எல்லாம் சொன்னபடியே நடந்தது.

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள். அப்ப அக்கா சாகேல்லை" என்கிறார் செல்வராணி. ஒரு வருசம் முன்னே பின்னே போவது பெரிய பிழையில்லை.

செய்தி வந்தபோது நான் துறைமுகத்தில், நாப்போலிக்குப் போகும் கப்பலில், பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் அந்தக் கப்பல் வெளிக்கிடாது. கப்டனே அதைச் சொல்லியிருக்கிறார். தொலைபேசி அடித்தது. "அக்கா எங்களை விட்டுப் போட்டா" என்றார் செல்வராணி. கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் எழும்பி எழும்பிக் கடற்கரை வரை போய் வருகிறேன். ஆனாலும் நம் பங்குக் கோயிலின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் பலேர்மோவில் இல்லை. ஆகவே ஏழாம் வகுப்போடு நின்ற இந்தக் கை எழுதுகிறது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். லிபெர்த்தா பகுதியில் ஒரு வயது போன இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டோடு தங்கி அவரைப் பராமரித்தார். இங்கே வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. ஆனால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. தங்குவதே சின்யோராவின் வீட்டில். வெயிலென்றால் பொதுத் தோட்டத்து வாங்குப் பலகை, மழையென்றால் கோயில் வாசல். "லீவு தந்தவை, குந்தியிருக்க ஒரு கதிரை தரேல்லையே" என்பார் அக்கா.

அப்படி ஒரு மழை வியாழனில்தான் கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் நகரசபை நூலகத்துக்குள் நனைந்தபடி நுழைந்தார். சூடான அறை, நிறையக் கதிரைகள், காசு கேட்பாரில்லை. அடுத்த வியாழன் இன்னும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். சும்மா இருந்தால் எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், தமிழ்ப் புத்தகம் வைக்க ஓர் அலமாரி தரும்படி பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டார். படித்தவர் என்பதால் அந்தப் பொறுப்பாளரை நாங்கள் எல்லோரும் தொத்தொரேசா என்றே அழைப்போம். அவர் கொடுத்தார். ஊருக்குப் போய் வந்தவர்கள் பெட்டியில் புத்தகம் கொண்டுவந்தார்கள். நான் ஒரு கப்பல் நிறையக் கொண்டுவந்தேன். பெட்டி ஒன்றுதான் என்று செல்வராணி திருத்தச் சொல்கிறார். அது பெரிய பெட்டி.

கதிரை கேட்டவர் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. அலமாரிக்கும் யன்னலுக்கும் நடந்தபடியே இருப்பார். புத்தகம் கேட்டு யாராவது வந்தால், நடந்துகொண்டே கதையைச் சொல்லத் தொடங்குவார். நடுவில், சரியாக மூச்சைப் பிடிக்கிற இடத்தில், நிறுத்திவிடுவார். "மிச்சத்தை வாசிச்சிட்டு, முடிவை எனக்கு வந்து சொல்லவேணும்." அதுதான் அவருடைய சட்டம். முடிவைச் சொல்லாமல் யாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சந்தைச் சிறுவர்களுக்கும் உடைந்த இத்தாலியனில் இப்படியே அரைக் கதை சொல்வார். அவர்கள் மேசையைத் தட்டி, "எ போய்? எ போய்?" என்று கத்துவார்கள். "பிறகு? பிறகு?" என்று அர்த்தம். பிள்ளைகளின் கரோல் பாட்டுப் பயிற்சியும், புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பும் அந்த அறையில்தான் நடந்தன. எல்லாம் வியாழன்களில்.

எனக்கு அவர் தந்த முதல் புத்தகம், படகைத் தொலைத்த ஒரு விதவையின் கதை. அவர் படகைத் தேடிக் கரை கரையாகப் போகிற இடத்தில் அக்கா நிறுத்தினார். எனக்கு வேலை கூடிப்போனது. திறக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வியாழன் முடிவைச் சொன்னேன். விதவை இத்தாலிக்கே வந்து, பலேர்மோ துறைமுகத்தில் தன் படகைக் கண்டு, அதைத் தடவியபடி உயிரை விட்டார் என்றேன்.

அக்கா முதன்முதலாக நடையை நிறுத்தினார். "பிறகு?"

"பிறகென்ன அக்கா, அடக்கம். கப்டன்மார் எல்லாரும் வந்தவை."

"நல்ல முடிவு தம்பி" என்று புத்தகத்தை வாங்கி வைத்தார்.

பிறகு ஒரு மாரியில் தொத்தொரேசா வந்து, தமிழ்ப் புத்தகங்களை யாரும் எடுப்பதில்லை, ஈஸ்டருக்குப் பிறகு அலமாரியைக் கீழ்க் களஞ்சிய அறைக்கு இறக்கப் போகிறோம் என்றார். உண்மைதான். பெண்கள் வருவார்கள், கதைப்பார்கள், அலமாரியைப் பார்க்க மாட்டார்கள். அன்று அக்கா நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும்.

"அலமாரி போனா நாங்களும் வெளியிலைதான், தம்பி. சும்மா குந்தியிருக்க ஆரும் இடம் தராயினம்." பிறகு நின்று என்னைப் பார்த்தார். "நீர் அந்த விதவையின்ரை முடிவைச் சொன்னனீரெல்லோ. ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் அதைச் சொல்லும்."

கோயில் முற்றத்தில் சொன்னேன். கொஞ்சம் புயலும் சேர்த்தேன். அழாத ஆளில்லை. படிக்கட்டுத் துப்புரவு வேலை செய்யும் மார்த்தா, எதற்கும் கலங்காதவர், அவரே மூக்கைச் சிந்தினார். அந்த வியாழனே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வியாழன் வாசலிலேயே தொடங்கினார்.

"அருளப்பு அண்ணை! மனுசி சாகேல்லை! இத்தாலிக்கு வரவுமில்லை! மீன் சந்தையிலை தராசு பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, அதோடை கதை முடியுது. நான் ஏன் அழுதனான்?"

"நான் வாசிச்ச புத்தகத்திலை அப்பிடித்தான் இருந்தது."

"இருக்கிறது ஒரு புத்தகம்தானே!"

"அப்ப உமக்கு வாசிக்கத் தெரியேல்லை, பிள்ளை."

"எனக்கோ? இஞ்சை கொண்டாங்கோ, எல்லாருக்கும் முன்னாலை வாசிக்கிறன்!"

"நான் பாக்கிறன்", "இல்லை, எனக்குத் தாங்கோ" என்று பெண்கள் புத்தகத்தைப் பறித்தார்கள். சத்தத்தை அடக்க ஓடி வந்த தொத்தொரேசா, தமிழ்ப் புத்தகத்துக்கு அடிபிடி நடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அப்படியொரு ஆரவாரம் அங்கே நடந்ததில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு கதையை முடித்து வைத்தேன். ஒவ்வொரு வியாழனும் மார்த்தா அதைத் திருத்தினார். இடையில் யார் சொல்வது சரி என்று பார்க்க மற்றவர்கள் எல்லோரும் வாசித்தார்கள். அக்கா புதுப் புத்தகத்தை என் கையில் தரும்போது காதோடு சொல்வார்: "தம்பி, வாசிச்சுக் கீசிச்சுப் போடாதையும்."

ஈஸ்டர் வந்தது, அலமாரி அசையவில்லை. தொத்தொரேசா ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். வியாழன்தோறும் பொறுப்பான ஓர் ஆள் வரவேண்டும். ஆள் இல்லாவிட்டால் அலமாரியும் இல்லை. அக்கா பொறுப்பெடுத்தார். காய்ச்சலோடும் வந்தார். தன் சின்யோரா இறந்த கிழமையிலும், வேலையும் தங்குமிடமும் ஒன்றாகப் போன அந்தக் கிழமையிலும், வந்தார்.

இந்த வருசம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது கட்டிலின் ஒரு பக்கம் மார்த்தா நின்றார், மற்றப் பக்கம் நான். அக்கா கண்ணைத் திறந்து, என் கையைப் பிடித்து, "தம்பி, வியாழக்கிழமை நீர் போய் நில்லும். அலமாரியை விட்டிடாதையும்" என்றார். அதுவே அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை.

அடக்கம் முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது தொத்தொரேசா எல்லோருக்கும் கைகொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, இனி யார் பொறுப்பு என்று கேட்டார். நான் முன்னமே சொன்னேனே, அப்படியே நடந்தது. ஒருவருக்கு முழங்கால் வருத்தம். இன்னொருவருக்கு வியாழனில் புது வேலை. மார்த்தாவைப் பார்த்தோம்.

"எனக்கு வாசிக்கத் தெரியும், ஆக்களைச் சேர்க்கத் தெரியாது" என்றார். "நான் சொன்னா உள்ளதைத்தான் சொல்லுவன். பிறகு ஆர் வந்து புத்தகம் எடுப்பினம்?"

அப்போதுதான் அக்கா ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் எல்லோருக்கும் சொன்னேன். தொத்தொரேசா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அந்த நூலகத்தில் என் பெயர் அப்படி. பிறகு, நீங்களும் அங்கே நின்றீர்கள்தானே, உண்மையா என்று மார்த்தாவைக் கேட்டார்.

மார்த்தா செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். என் வாழ்நாளில் அசையாமல் நான் நின்றது அப்போது மட்டும்தான்.

"ஓம், அப்பிடித்தான் சொன்னவ" என்றார். தொத்தொரேசாவுக்காக அதையே இத்தாலியனிலும் சொன்னார்.

இப்போது வியாழன்களில் நான் போகிறேன். எனக்கும் அந்தக் கதிரையில் இருக்க முடிவதில்லை. அலமாரிக்கும் யன்னலுக்கும் நடக்கிறேன். போன வியாழன் சந்தைப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி, மூச்சைப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தினேன். "எ போய்?" என்று மேசையைத் தட்டினார்கள். யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் நடக்கவில்லை.

போயிட்டு வாங்கோ, அக்கா. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெண்கள் வருகிறார்கள்.

தொத்தொரேசாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறக்கவில்லை. கையைப் பிடித்தது நான்தான். ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. அந்த முடிவை நானே கட்டினேன். மார்த்தாவுக்கு அது தெரியும். என் முடிவுகளில் அவர் திருத்தாமல் விட்டது அது ஒன்றைத்தான்.