கோட்டை ஜெனரல்

பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டு, 'ஹோ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஜெனரல் ஆரம்பிப்பார். எதிரொலி வரும். குழந்தைகள் சிரிக்கும். நெற்றியில் ஒட்டிய துருவோடு தலையை வெளியே எடுத்து, "நானூறு வருஷமா உள்ளயே சுத்திக்கிட்டிருக்கிற சத்தம் இது" என்பார். சத்தம் போட்டதே அவர்தான் என்பது யாருக்கும் உறைக்காது.

ஜெனரல் என்பது ஊர் கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஏதோ காவல் நிறுவனம் கழித்துப்போட்ட தொப்பி, அதில் தானே குத்திக்கொண்ட பித்தளைப் பொத்தான்கள். தீவின் மேற்கு முனையில் இடிந்து கிடக்கும் அந்தக் கோட்டைக்கு அவரை யாரும் வழிகாட்டியாக நியமிக்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

நில அளவை அலுவலகத்தில் வேலையாக மூன்று வருடம் அந்தத் தீவில் இருந்தேன். கடலோரத்தில் வேலை கிடைத்தவன் வீட்டுக்கு உறவினர்கள் வராமல் இருப்பார்களா? வந்தவர்களையெல்லாம் கலங்கரை விளக்கம், மணல்திட்டு, கோட்டை என்று சுற்றிக்காட்டுவது என் தலையில் விழுந்தது. அப்படிப் பதினோரு முறை ஜெனரலிடம் சரித்திரம் கேட்டேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதாக நினைவில்லை.

கோட்டைக்கு வருமுன் ஜெனரல் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். யாருக்கு எதைப் பிரித்துப் போடவேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். புதுமணத் தம்பதிகள் வந்தால் மதிலிலிருந்து குதித்த இளவரசி. கைக்குழந்தையோடு வந்தால் சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்ட தாய். வாத்தியார்கள் வந்தால் வரிக்கொடுமை. சுண்ணாம்பு குழைத்த தொட்டியை 'ராணி குளிச்ச இடம்' என்பார்; அதில் முழங்கால் நனைந்தாலே அதிகம். இதை எந்த வெள்ளைக்காரன் கட்டினான் என்று என் அத்தை ஒருமுறை கேட்டாள். "வெள்ளைக்காரன்தாம்மா. அதுல என்ன எந்த?" என்றார், கேட்டவளுக்குத்தான் விவரம் போதாது என்பதுபோல. எதைச் சொன்னாலும், "இது புஸ்தகத்துல கிடையாது" என்று ஒரு முத்திரை குத்துவார். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

கோட்டைக்குக் கடல் பக்கம் ஒரு குறுகிய வாசல் உண்டு. முற்றுகையின்போது உள்ளேயிருந்து ஒருவன் அதன் தாழ்ப்பாளை நீக்கிவிட்டான், அதனால்தான் கோட்டை விழுந்தது என்று சொல்லித்தான் ஜெனரல் முடிப்பார். முதல் வருடம் அந்தத் துரோகி ஒரு சமையல்காரன்.

மதிலடியில் ஒரு சுரங்கமும் காட்டுவார். கடலுக்கு அடியில் ஓடி அக்கரையில் ஏறுகிறதாம். மணல்திட்டுக்குப் படகு விடும் ஒருவர், ஒருநாள் தன் பயணிகளை மதிலைச் சுற்றிக் கூட்டிப்போய் அதன் மறுமுனையைக் காட்டிவிட்டார். பதினாலடி நீளச் சாக்கடை. அந்தப் பயணிகளில் ஒருவர் கோட்டைக்குத் திரும்பிவந்து, கூட்டத்தின் நடுவே ஜெனரலிடம், அவர் சுரங்கத்தில் நண்டுகள்தான் போய்வருகின்றன என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் சமையல்காரன் படகோட்டியாகிவிட்டான். கூடவே ஒரு புதுச் சேர்க்கை: "அவனுக்கு இடது கையில ஆறு விரல். இன்னிக்கும் அந்த வம்சத்துல உண்டு. சந்தேகம்னா கரையில போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். அந்தப் படகோட்டிக்கு ஆறு விரல்தான். கயிறு அவிழ்க்கும்போது அவர் கையைப் படம் பிடித்தார்கள். சிலர் ஏறிய படகிலிருந்து இறங்கி அடுத்த படகுக்குப் போனார்கள். அவருடைய பத்து வயது மகளுக்கும் அதே கை. பள்ளியில் அவளுக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர் விழுந்தது. இதையெல்லாம் படகோட்டியே என்னிடம் சொன்னார், இயந்திரத்தைத் துடைத்தபடி, குரல் உயராமல். ஜெனரலிடம் ஜாடையாகக் கேட்டேன். "கதைக்கு ஒரு அடையாளம் வேணும்ல சார்" என்றார்.

பதினோராம் முறை சித்தப்பா குடும்பத்தோடு போயிருந்தேன். கூட்டத்தில் இருபது பேர் இருக்கலாம். எல்லோருக்கும் பின்னால் படகோட்டியின் மனைவி வந்துகொண்டிருந்தாள். ராணியின் தொட்டி, சுரங்கம் என்று ஒன்றுவிடாமல் நின்று கேட்டாள். கடல் வாசலில் துரோகி தாழ்ப்பாளை நீக்கிய பிறகுதான் முன்னால் வந்தாள்.

"போன வருஷம் வரைக்கும் சமையக்காரன்னுதானே சொன்னீங்க?"

ஜெனரலின் முகம் ஒரு நொடி செத்தது. விரித்துப் போட்ட புடவையில் கிழிசலைக் கண்டுவிட்ட வாடிக்கையாளர்கள் அவருக்குப் புதிதல்ல. சட்டென்று இரண்டு கைகளையும் விரித்து அவளை வரவேற்றார். "வாங்கம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் இடது கையில எத்தனை விரல்?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"ஆறு," என்றாள். "எம் பொண்ணுக்கும் ஆறு. பள்ளிக்கூடம் தொறந்ததுலேருந்து அவ அந்தக் கையைத் துணியில சுத்திக்கிட்டுத்தான் போறா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பின்பாதி யார் காதிலும் ஏறவில்லை. ஆறு என்ற சொல்லே போதுமாக இருந்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. முதலில் கைபேசியை உயர்த்தியவர் என் சித்தப்பா. அந்தச் சாக்கடையை நாடா பிடித்து அளந்து வைத்திருந்தவன் நான், வாயைத் திறக்கவில்லை.

அவள் முகத்தை மறைக்கவில்லை. பதிலுக்காக ஜெனரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்கால வெயில் வாசல் வழியாக உள்ளே சாய்ந்திருந்தது. ஜெனரல் அவளைப் பார்த்தார். உயர்ந்து நின்ற கைபேசிகளைப் பார்த்தார். பிறகு, படத்தில் தன் நிழல் அவள் முகத்தில் விழாதபடி ஓரடி ஒதுங்கி நின்றார்.