கைதவறி விழுந்த வால்வு

துவாக்குடிப் பட்டறையில் வால்வுகளைச் சரிபார்ப்பது என் வேலை. செயற்கைக்கோளை விண்ணில் விட்டுவிட்டு, திரும்பி வந்து இறங்கி, மறுபடியும் பறக்கும் ராக்கெட்டுக்கான வால்வுகள். அன்று ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. கீறல் தெரியவில்லை. துடைத்து, மற்ற பதினொன்றோடு பெட்டியில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது மனசு கேட்கவில்லை. ராக்கெட் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

"சார், ஏழாம் நம்பர் வால்வு கீழ விழுந்துடுச்சு. சொல்லாம வச்சுட்டேன்."

"காலையில வந்ததும் அதைத் தனியா எடுத்து வச்சிடுங்கம்மா. டெஸ்ட் பண்ணணும்."

"என்னால லேட்டாகுதே சார்."

"ஆகட்டும்மா. நீங்க சொன்னதாலதான் மத்த பதினொண்ணையும் நம்பி மாட்ட முடியும்."

சோதனையில் அந்த வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் ராக்கெட் பறந்திருக்கும். என்னால்தான் அதை அண்ணாந்து பார்க்க முடிந்திருக்காது.