வண்டி வந்துடுச்சா?

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். நான் பள்ளிக்கூட டீச்சர். பேய், பிசாசு என்று பிள்ளைகள் பேசினாலே அதட்டி உட்கார வைக்கிறவள். எனக்கே நடந்தது இது. அதுவும் பகலில். பல வருஷமாக வாயைத் திறக்காததற்குக் காரணம், இது காதில் விழக்கூடாத ஒருவர் இருந்தார். போன மாதம் அவரும் போய்விட்டார்.

சென்சஸில் தலைக்கணக்கு எடுக்க எனக்கு விழுந்த ஊருக்குப் பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கினால் ஒரே ஒரு ஆட்டோ. அதை விட்டால் ஒரு மணி நேர நடை. ஆயிரம் பேர் தேறினால் பஸ் விடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதனால் எனக்கு மாப்பிள்ளை உபசாரம்தான். ஒருவர் தன் நாயையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "அதுவும் தினம் ரோடு வரைக்கும் நடக்குது டீச்சர்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதிகம் பேசாத மனிதர். கடைசித் தெருவின் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"அதுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல டீச்சர்."

தெருவை முடித்துவிட்டுப் பார்த்தேன். வளைவுக்கு அப்பால் தனியாக ஓர் ஓட்டு வீடு. ஒரு குடும்பம் விட்டுப்போனால் ஊருக்குத்தானே நஷ்டம்? நடந்தேன். மணி நாலேகால். வானம் மூடிக்கொண்டு மழை இருட்டு.

கதவைத் தட்டினேன்.

"யாரு?" இளம்பெண்ணின் குரல்.

"கணக்கெடுக்க வந்திருக்கேம்மா. வீட்ல எத்தனை பேர்?"

"நானும் அவரும்..." கொஞ்சம் தயங்கினாள். "மூணுன்னே எழுதிக்கங்க அக்கா." சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது.

"கதவைத் திறம்மா."

"எழுந்திரிக்க முடியல அக்கா..."

அப்போதுதான் கவனித்தேன். குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. தரையில் படுத்தபடி பேசுகிறவளின் குரல்.

"உடம்புக்கு என்னம்மா?"

"வண்டி வந்துடுச்சா?"

"எந்த வண்டி?"

"அவர் கூட்டிட்டு வரப் போயிருக்கார்... ரோட்டுக்கு..."

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. உள்ளங்கை முழுக்கத் தூசி. நிமிர்ந்து பார்த்தேன்.

வெளியே பூட்டு. துருவேறிய பூட்டு.

உள்ளே... மூச்சு வாங்கும் சத்தம்.

பிறகு ஒரு குழந்தை அழுதது.

அப்போதுதான் பிறந்த குழந்தை. இரண்டு பெற்றவள், எனக்குத் தெரியாதா?

அழுகை நீண்டது. தேய்ந்தது...

நின்றுவிட்டது.

"வண்டி வந்துடுச்சா அக்கா?"

ஓடினேன்.

ஆட்டோவில் விழுந்தடித்து ஏறினேன். "அந்த வீட்டுக்குள்ள... ஒரு பொண்ணு பேசுது..."

அவர் திரும்பவில்லை. "என்ன கேட்டா?" என்றார்.

'கேட்டாங்க' இல்லை. 'கேட்டா.'

"வண்டி வந்துடுச்சான்னு."

அப்படியே ஹேண்டில் மேல் கவிழ்ந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அது அவர் வீடு. மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கையிலேயே வலி கண்டுவிட்டது. கொட்டுகிற மழையில் மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். இந்தப் பாதைக்குள் வர எந்த வண்டியும் சம்மதிக்கவில்லை. காலில் விழுந்து ஒன்றைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு வாங்கியதுதான் இந்த ஆட்டோ.

"ஒரு வருஷம் அந்த வாசல்லயே படுத்துக் கிடந்தேன் டீச்சர். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவ." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வலியோட பேசின மாதிரி இருந்துச்சா?"

"இல்லப்பா. சாதாரணமாத்தான்."

தலையாட்டினார். "குழந்தை செத்தே பொறந்துச்சு. ஒரு தடவைகூட அழுதிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல் டீச்சர். அதுவாவது எனக்காகக் காத்துக்கிட்டுக் கிடக்கல பாருங்க."

நான் வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.