கேட் கேமராவைக் காட்ட மறுத்த கம்ப்யூட்டர்

தேயிலைத் தூசு அடைத்த கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? இளைப்புக்காரர் மேட்டில் ஏறுவதுபோல இருக்கும். பெட்டி சூடேற ஏற ஆபீஸ் முழுக்க வறுத்த தேயிலை வாசம் வேறு…

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸ் அது. சில வருஷங்களுக்கு முன்பு அங்கே எட்டு கேமரா மாட்டியது நான்தான்.

அப்போதெல்லாம் கேமராவில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் பார்க்க, பிரவுசருக்குள் பிளக்-இன் என்று ஒரு சின்ன புரோகிராம் போட வேண்டும். அது ஒழுங்காக உட்கார்ந்தால் படம் வரும். இல்லாவிட்டால் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் 'பிளக்-இன்னை இன்ஸ்டால் செய்யவும்' என்று ஒரு வரி. இன்ஸ்டால் செய்த பிறகும் அதே வரி. அதோடு மல்லுக்கட்டாத கேமரா வியாபாரியை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஒங்க கேமரா பழுதாப் போச்சு. கொழும்புல புதுசா எடுக்கப் போறோம்."

"எதுக்குங்க ஐயா திடீர்னு படம் பாக்குறீங்க?"

"தூள் சலிக்கிற சரஸ்வதி, துண்டுல தூள் கட்டிக்கிட்டுப் போயிருக்கு. கேட்டுல சோதிக்க நிக்காமப் போயிருச்சுன்னு கேட் வாச்சர் சொல்றாரு. அது இல்லேங்குது. படமும் வரல. நாளையோட அத வேலைய விட்டு நிப்பாட்டிருவோம்."

உள்ளதைச் சொல்கிறேன். சரஸ்வதி யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது. 'ஒங்க கேமரா பழுது' என்றதுதான் சுட்டது. நுவரெலியாவில் கடையைப் பூட்டிவிட்டு ராகலை பஸ்ஸில் ஏறினேன்.

ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"கேமராக்காரர் நீங்கதானுங்களா? நான்தான் சரஸ்வதி. கேட்டுல நின்னேன், துண்ட ஒதறிக் காட்டினேன். அந்தப் பொட்டில அது இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கணுங்க அக்கா."

"இருந்தா ஏன் காட்ட மாட்டேங்குறாங்க?"

போகவிருந்தது அவருடைய வேலை மட்டுமல்ல. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியும். திருட்டுப் பட்டம் ஒன்று விழுந்தால் அது பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

பதிவுப் பெட்டியில் நேராக டிவியைச் சொருகிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். சித்திரை மாத இடியில் அந்த இணைப்பு கருகிப் போயிருந்தது. மாற்றித் தரவா என்று கேட்டதற்கு, அப்புறம் பார்ப்போம் என்றவர்கள் இவர்கள்தான். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகவும் டீமேக்கர் விடவில்லை. பெட்டி நிரம்பினால் பழைய பதிவை அழித்துக்கொண்டே எழுதும். சரஸ்வதி அக்கா கேட்டைக் கடந்த நாளின் பதிவு அழிய ஒரேயொரு நாள் பாக்கி.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் கிளாக்கர் நொந்து போயிருந்தார். "அஞ்சு தடவ இன்ஸ்டால் பண்ணிட்டேண்ணே. இந்தக் கம்ப்யூட்டருக்குக் காது கேக்கல."

புது பிரவுசரை ஒதுக்கி, நீல 'இ' சின்னம் போட்ட பழைய பிரவுசரைத் திறந்தேன். பெட்டியின் முகவரியை நம்பகமான தளங்களில் சேர்த்தேன். தடுத்து வைத்திருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். மறுபடியும் அதே வரி.

"நீங்க செஞ்ச மாதிரியே இன்னொருக்கா செய்ங்க," என்றேன். செய்தார். 'பிரவுசரை மூடவும்' என்று கேட்டது. கொஞ்சமும் யோசிக்காமல் அந்த வரியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ஏன் மூடல?"

"செக்ரோல் இருக்குண்ணே."

விளங்கிவிட்டது. செக்ரோல் என்றால் அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். தலைமை ஆபீஸின் பக்கத்தில், அதே பழைய பிரவுசரில்தான் அடிக்க வேண்டும். அங்கிருந்த மந்தமான இன்டர்நெட் லைனில் உள்ளே நுழையவே ஒரு மணி நேரம். பாதியில் மூடினால் அடித்ததெல்லாம் போச்சு. அதனால் காலையில் திறந்த ஜன்னலைச் சாயங்காலம் வரை எந்தக் கிளாக்கரும் மூடுவதில்லை. பிரவுசர் மூடாமல் பிளக்-இன் உட்காராது.

"பாதிக்கு மேல அடிச்சாச்சு. மூடினா நீங்களா வந்து அடிப்பீங்க?"

நான் வாய் திறக்குமுன் வாசலிலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு எம்பேரு அதுல இருக்குமான்னே தெரியாம நிக்கிறேன். மூடுங்க கிளாக்கரய்யா."

அவர் மூடினார்.

பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுமதி கேட்டு ஒரு மஞ்சள் பட்டை வந்தது, கொடுத்தேன். கறுப்புக் கட்டம் எட்டாகப் பிரிந்து அசைந்தது…

கேட் கேமராவில் அந்த நாளை எடுத்தோம். வாச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறார். சரஸ்வதி அக்கா வந்து நிற்கிறார். கூப்பிடுகிறார். வாச்சர் திரும்பவில்லை. அக்கா அண்ணாந்து நேரே கேமராவைப் பார்க்கிறார். துண்டை விரித்து, இரண்டு தரம் உதறிக் காட்டிவிட்டுப் போகிறார்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீமேக்கர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "படம் அவ்வளவு தெளிவில்லியே."

"மூஞ்சி தெரியுது, துண்டு தெரியுது. வேற என்னங்க ஐயா தெரியணும்?" என்றேன்.

அவர் கிளாக்கரைப் பார்த்து, "சரஸ்வதிய வேலைக்குப் போகச் சொல்லுங்க," என்றார்.

"எங்கிட்டயே சொல்லுங்க ஐயா. இங்கதான நிக்கிறேன்," என்றார் அக்கா.

சொன்னார். அவரிடமே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பெயர் வாசிக்க, கிளாக்கர் செக்ரோலை முதலிலிருந்து அடித்தார். அடுத்த வருஷம் அந்தத் தொழிற்சாலை கொழும்பு ஆட்களிடம் புது கேமரா எடுத்தது. என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும். வியாபாரத்தில் சில வாடிக்கையாளர்களை இழப்பதும் நல்லதுதான்.

இன்றைக்கு பிளக்-இன் இல்லை, அந்த நீல 'இ' கூட இல்லை. போனில் ஒரு தட்டு, படம் வந்துவிடும். நானும் அதைத்தான் விற்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் பதிவு எங்கோ ஒரு கம்பெனியிடம். போன மாதம் லிந்துலையில் ஒரு தொழிலாளி, தன் படத்தைத் தானே பார்க்கக் கேட்டிருக்கிறார். கொழும்புக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்றார்களாம் ஆபீஸில். இன்னும் பதில் இல்லை.

அதனால் நான் மாட்டும் இடங்களில் பதிவுப் பெட்டி ஒன்றைக் கட்டடத்துக்குள்ளேயே வைக்கிறேன். பழைய காலத்து ஆள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்கு அடம்பிடித்தது ஒரு புரோகிராம். முட்டி மோதி அதைத் திறக்க முடிந்தது… இன்றைக்குப் படம் கேட்டவுடன் வருகிறது. கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் வருகிறது.