வாய்விட்டுப் போட்ட கணக்கு

என்னுடைய தொழில் கொஞ்சம் விபரீதமானது. பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால்தான் எனக்குப் பிழைப்பு நடக்கும். கணக்கு வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்ற சகோதர சகோதரிகளே, நீங்கள் வாங்கிய பிரம்படிகளைப் பற்றித்தான் நான் ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்தேன். அந்த உரிமையில் நாலு விஷயம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. மெட்ராஸில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். வீட்டில் வேறு மொழி பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் கணக்கில் ஏன் பின்தங்குகிறார்கள்? இதைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்று என் பேராசிரியர் என்னைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சிப் பள்ளி. ஐந்தாம் வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளை, தெலுங்கு வீட்டுப் பிள்ளை, உருது வீட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கடைசி பெஞ்சில் எனக்கும் ஓர் ஓரம் கிடைத்தது.

எனக்குப் பக்கத்தில் மெஹருன்னிசா. பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயக் கலாய் பூசுகிற மஸ்தான் பாயின் மகள், வீட்டில் உருது. போன வருஷம் கணக்கில் பெயில். இந்த வருஷமும் பெயிலானால் படிப்பு போதும், வீட்டில் இருக்கட்டும் என்று மஸ்தான் பாய் முடிவாகச் சொல்லியிருந்தார். அவள் அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. பென்சிலின் அடிப்பக்கத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

எட்டுப் பேர் நெய்த புடவை

வந்த புதிதில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பாடப்புத்தகத்தில் எப்போது பார்த்தாலும் இரண்டு பேர் சுவர் கட்டுகிறார்கள், இல்லாவிட்டால் கிணறு வெட்டுகிறார்கள். பட்டு நெய்கிற ஊரில் சுவர் என்னத்துக்கு? புடவையைப் போட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். "இரண்டு பேர் ஒரு பட்டுப்புடவையைப் பன்னிரண்டு நாளில் நெய்தால், எட்டுப் பேர் எத்தனை நாளில் நெய்வார்கள்?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சுவர்க் கணக்கைச் சரியாகப் போட்டிருந்த பிள்ளைகள்கூட இதில் பன்னிரண்டு என்றே எழுதியிருந்தார்கள். சிலர் ஒன்றுமே எழுதாமல் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "மூன்று நாள் என்று ஏன் தோன்றவில்லை?" என்று தறி வீட்டுப் பெண் ஒருத்தியைக் கேட்டேன். பதில் சொல்ல எழுந்து நின்றவள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். அவள் சொன்ன பதிலைக் கேட்டு, கணக்குப் புத்தகம் எழுதியவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று இந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறதே என்று நான் அசந்துபோய் நின்றேன்.

"ஒரு தறியில ரெண்டு பேர்தான் டீச்சர் உக்கார முடியும். மீதி ஆறு பேரு எங்க உக்காருவாங்க, மடியிலயா?"

உதடு அசைந்த குற்றம்

போன வருஷம் மெஹரு பெயிலான கதையை மெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். முழுப்பரீட்சையில் அவள் உதடு அசைந்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்கிறாள் என்று தாளைப் பிடுங்கிவிட்டார்கள். அதிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டே கணக்குப் போடுவாள். ஏழையும் எட்டையும் பெருக்கச் சொன்னால் அன்றைக்கு மனசில் பட்ட ஏதாவது ஓர் எண்ணை எழுதிவைப்பாள்.

ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவளை வகுப்பிலேயே நிறுத்தி, "இப்போது யாரும் இல்லை, வாய்விட்டே போடு" என்றேன். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு "சாத் ஏக்கம் சாத், சாத் தூனி சௌதா" என்று ராகத்தோடு ஆரம்பித்தாள். அப்பா பாத்திரம் தேய்க்கிற தாளத்துக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடாம் அது. "சாத் அட்டே சப்பன்" என்று வந்ததும் நிறுத்தி, ஐம்பத்தாறு என்று எழுதினாள். அன்றைக்குப் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பில்லை.

எனக்குச் சாப்பிடப் போகவே மனம் வரவில்லை. தமிழில் கேள்வி, உருதுவில் வேலை, மறுபடி தமிழில் விடை! பத்து வயசுப் பெண் ஒவ்வொரு கணக்குக்கும் இப்படி ஒரு பிரயாணம் போய்த் திரும்பி வருகிறாள். நாமோ அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் திருடி என்கிறோம். வாயை மூடிக்கொண்டு போட்டால் என்ன ஆகிறது என்று கேட்டேன்.

"மனசுல வெச்சா நெம்பரு ஓடிப்போவுது டீச்சர். வாயில சொன்னாதான் நிக்குது."

அளவுகோல்

இந்த அதிசயத்தைச் சொல்ல அடுத்த பஸ்ஸிலேயே மெட்ராஸுக்கு ஓடினேன். வீட்டு மொழிதான் கணக்கைக் கெடுக்கிறது என்று நிரூபிக்கக் காத்திருந்தவர் என் பேராசிரியர். அது கெடுக்கவில்லை சார், அதுதான் தூக்கி நிறுத்துகிறது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"உதட்டையெல்லாம் அளக்க முடியாதும்மா, மார்க்கை மட்டும் அளந்துட்டு வா."

அரிசிக் கணக்கு

மார்க்கை அளப்பதற்கும் அவள் பரீட்சை எழுதியாக வேண்டுமே! முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முணுமுணுக்கலாம் என்று அனுமதி கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். சுத்தமான தமிழில் பேசுகிறவர். பிரேயரில் பாடலுக்கு அவர் பொருள் சொன்னால் காக்காய்கூடச் சத்தம் போடாது. "பரீட்சை ஹாலில் பேச்சா? இது சந்தையாம்மா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, மதிய உணவுக்கு அரிசி எவ்வளவு வேண்டும் என்று கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் கிளம்பவில்லை. கிளம்பாததும் நல்லதாய்ப் போயிற்று. பென்சில் நுனி ஒவ்வொரு வரியாக இறங்க, அவர் உதடு அசைந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன். "இருவை... முப்பை... நலபை ரெண்டு..." சாட்சாத் தெலுங்கு! என் பார்வை எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டார். பென்சில் நின்றது. ஊரில் எத்தனையோ கோபுரம் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அந்த மனிதரின் முகம் அன்றைக்கு மாறிய மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. கண்டிப்பெல்லாம் கரைந்துபோய், வாய்ப்பாடு ஒப்பிக்க நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பையனைப்போல் இருந்தார்.

"வீட்டுல தெலுங்கும்மா" என்றார் மெதுவாக. "படிச்சது, எழுதறது எல்லாம் தமிழ்தான். கூட்டல் மட்டும் எங்கம்மா பேச்சுலதான் வருது." பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, பரீட்சை ஹாலின் பெஞ்சுகளை வரிசையாகக் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மொழியின் பேரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தமிழுக்குப் பக்கத்துல உருது, உருதுக்குப் பக்கத்துல தெலுங்கு. எது யாரு காதுல விழுந்தா என்ன, எவனுக்குப் புரியப் போவுது?"

மூன்று கோஷ்டி

பரீட்சை அன்று முதல் பத்து நிமிஷம் ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பழகிய பயம் லேசில் விடுமா! தலைமையாசிரியர் நடுவில் வந்து நின்று, "வாய்விட்டுப் போடறவங்க போடலாம்" என்றார். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோர பெஞ்சில் மெஹருதான் முதலில் "சாத் ஏக்கம் சாத்" என்றாள். யாரும் தாளைப் பிடுங்கவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று குரல்கள் கிளம்பின. "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றது ஒன்று. "ஏடெனிமிதுல யாபையாறு" என்றது இன்னொன்று. பெருமாள் புறப்பாட்டில் முன்னால் ஒரு கோஷ்டியும் பின்னால் ஒரு கோஷ்டியும் அவரவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வருவார்களே, அப்படி இருந்தது. எல்லாரும் போய்ச் சேருகிற இடமோ ஒன்றுதான்! எனக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு இடம் இல்லை.

தண்ணீர்ப் பானையோடு வந்த பியூன் முனுசாமியிடம் இந்த உட்காரும் ஏற்பாட்டைப் பெருமையாக விளக்கினேன். அவர் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னையும் பிள்ளைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஒரே தெருவுல ஆடிக்கினு வளர்ற பசங்க, இதுங்களுக்கு மூணு பாஷையும் தெரியுமே!"

ஜன்னலோரத்துத் தாள்

பரீட்சை முடிந்ததும் ஓடினேன். முனுசாமி சொன்னது ஆசிரியர்கள் அறைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹால் முழுக்கக் காப்பி, அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு மறுபடி பெயில் போடுங்கள் என்று சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். மெஹரு வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள். வாயை மறுபடி இறுக்கி மூடியிருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தலைமையாசிரியர் மெஹரு உட்கார்ந்த ஜன்னலோர பெஞ்சின் மூன்று தாள்களை மட்டும் எடுத்து, எல்லார் முன்னாலும் தாமே திருத்தினார். மெஹருவுக்கு இடது பக்கம் இருந்த பையன் பெருக்கலில் கவிழ்ந்திருந்தான். வலது பக்கத்துப் பெண் வகுத்தலைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த மெஹருவின் தாளில் பெருக்கலும் சரி, வகுத்தலும் சரி. பாஸ் மார்க்கைத் தாண்டி எங்கேயோ போய் நின்றிருந்தாள். தலைமையாசிரியர் அந்தத் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் காப்பி அடிச்சு, ரெண்டு பேரோட தப்பையும் கழிச்சுட்டு, சரியானதை மட்டும் எழுதத் தெரிஞ்சா, அவளை நேரா காலேஜுக்கே அனுப்பணும்யா!"

கலாய்

நான் ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று காலையில் மஸ்தான் பாய் வந்தார். முந்தின நாள் மெஹரு என் காப்பிச் செம்பைக் கேட்டு வாங்கிப்போயிருந்தாள். உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்க அதைத் திருப்பிக் கொடுத்தார். ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் அவளை ஆறாவது சேர்த்துவிட்டாராம். அப்பாவின் பின்னால் நின்றுகொண்டு மெஹரு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு என்று நினைக்கிறேன். அவள் தலையில் கை வைத்தேன். மஸ்தான் பாய்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா, அந்த ஸ்கூல்ல இவ வாயத் தொறக்க வுடுவாங்களா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது, உத்தியோகம் கிடைத்தது, இப்போது மாசாமாசம் பென்ஷனும் கிடைக்கிறது, பதில் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.